வெள்ளை யானை மேல் வருபவர் யார்?

கொழும்பு–கண்டி வீதியில் வரக்காப்பொலையைத் தாண்டி நெலும்தெனியாவில் திரும்பினால் சற்று நேரத்தில் தெதிகம வந்துவிடும். கேகாலை மாவட்டத்தின் இந்தச் சிற்றூரில் 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு கட்டிய கொட்டவெஹர தூபி இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் நடுவில் அதை அகழ்ந்தபோது கிடைத்த வெண்கல யானை விளக்குதான் ஊரின் பெயரை வெளியே கொண்டுபோனது. சங்கிலியில் தொங்கும் விளக்கு அது. யானையின் வயிற்றுக்குள் எண்ணெய். தட்டில் எண்ணெய் இறங்க இறங்க, யானை தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சொரிந்து அளவைச் சரிக்கட்டும். இது எந்தத் தெய்வத்தின் யானை என்று கேட்டால் இந்திரன், சமன் என்று வாயில் சில பெயர்கள் வரும். ஒன்றுக்கும் இந்த விளக்கில் ஆதாரம் இல்லை. இங்கே யானைக்கு எண்ணெய் வார்க்கும் வேலை, அவ்வளவுதான். ஓர் உருவத்தைக் கண்டதும் பெயர் சூட்டத் துடிக்கும் அவசரத்துக்கு இது நல்ல முதல் பாடம். சப்ரகமுவ மாகாணத்தைக் கேகாலையிலிருந்து இரத்தினபுரி வழியாகச் சிவனொளிபாதமலை அடிவாரம் வரை கடப்பவர்க்கு இதே பாடம் வேறு வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பாடத்தை வைத்து, பார்வைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பொருளை, ஜப்பானிய அலங்கார மட்பாண்டங்களில் வரும் பௌத்த உருவங்களை, அடையாளம் காணலாம் என்பதே இங்கே என் வாதம்.

ஜப்பானியப் பீங்கான் இலங்கைக்கு அந்நியமானதல்ல. மாத்தளையில் நோரிடாக்கே ஆலை 1970களிலிருந்து இயங்குகிறது. அதன் தட்டும் கோப்பையும் கலியாணச் சீராகப் போகாத ஊர் குறைவு. ஆனால் அவற்றில் இருப்பது பூவும் பொற்கரையும். உருவங்கள் இருப்பது சட்சுமா, குத்தானி என்ற பெயர்களில் விற்கும் பழைய குடுவைகளிலும் சாடிகளிலும். 1592க்கும் 1598க்கும் இடையில் ஜப்பானிய ஆட்சியாளர் ஹிதேயோஷி கொரியாமீது படையெடுத்தபோது பிடித்துவரப்பட்ட கொரியக் குயவர்கள் கியூஷு தீவில் தொடங்கிய தொழில் சட்சுமா. 1867 பாரிஸ் கண்காட்சிக்குப் பிறகு ஐரோப்பியர் அதன்மேல் பைத்தியமானார்கள். அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை வைத்தார் என்பது வெறும் தற்செயல். என்றாலும் துரைமார் பங்களாக்களின் காலமும் சட்சுமாக் குடுவைகளின் காலமும் ஒன்றே. தந்தநிற மெருகில் நுண்ணிய வெடிப்புக் கோடுகள், அதன்மேல் தடித்த பொன்பூச்சு, பொன்னுக்குள் நெருக்கியடித்து நிற்கும் மொட்டைத் தலைகள். ஒவ்வொரு தலைக்குப் பின்னும் ஒளிவட்டம். இவர்கள் யார்?

முகத்தைப் பார்த்து விடை தேடினால் ஏமாற்றம்தான். எல்லாருக்கும் ஒரே அடர்ந்த புருவம், ஒரே நீண்ட காது, ஒரே சுருங்கிய நெற்றி. இந்த முகவெட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த குவான்சியூ என்ற சீனத் துறவி, கனவில் கண்டதாகச் சொல்லி, ஞானமடைந்த பௌத்தச் சீடர்களான அருகர்களை இப்படி வரைந்தார். பெருமூக்கும் முரட்டுப் புருவமும் ‘இவர்கள் இந்தியாக்காரர்’ என்பதற்கான குறி. ஆளுக்கு ஆள் வேறுபடுத்தும் குறி அல்ல. ஜப்பானியர் இவர்களை ரகான் என்பார்கள். அருகர் என்ற சொல்லின் சீன உருவம் ஜப்பானிய நாவில் அப்படி ஆயிற்று. ரகான்கள் பதினாறு பேர். அந்தப் பதினாறு பேர் பட்டியல் ஜப்பானுக்கு வந்த வழி நமக்கு அக்கறையானது. சுவான்சாங் 654இல் சீனத்தில் மொழிபெயர்த்த ஒரு சிறு நூலிலிருந்து அது வந்தது. அந்த நூல் தன்னை நந்திமித்திரர் என்ற அருகரின் வாக்காகச் சொல்லிக்கொள்கிறது. நந்திமித்திரர் வாழ்ந்த நாடு சிங்களம் என்கிறது. கியோத்தோக் கைவினைஞன் பொன் தீட்டிய மொட்டைத் தலைகளின் பெயர்ப்பட்டியலை ஒரு இலங்கைத் துறவியின் தலையில்தான் மரபு சுமத்தியிருக்கிறது.

பெயர்கள் நம் காதுக்குப் பழகியவை: பிந்தோல பாரத்வாஜர், ராகுலன், நாகசேனர், பந்தகர், சூடபந்தகர், பத்திரர். ஜப்பானியத்தில் இவர்கள் பின்சுரு, ரகோரா, நாகசைனா, ஹந்தாக்கா என்று திரிந்து நிற்கிறார்கள். குடுவையில் இவர்களைப் பிரிப்பது முகம் அல்ல, பொருள். கிண்ணத்திலிருந்து நாகம் கிளம்பினால் பந்தகர். காலடியில் புலி படுத்திருந்தால் பெரும்பாலும் பத்திரர். தன் நெஞ்சைத் திறந்து உள்ளே புத்தர் முகத்தைக் காட்டுபவர் ராகுலன். அனுமன் நெஞ்சைக் கிழித்துக் காட்டும் படத்தைப் பூஜையறையில் பார்த்து வளர்ந்தவர்க்கு இதை நினைவில் வைத்துக்கொள்ள எந்தப் பயிற்சியும் வேண்டாம். பத்திரர் வாழும் இடம் தாம்ரத்வீபம் என்று அந்தப் பட்டியல் சொல்வதையும், தாம்ரபர்ணி இலங்கையின் பழம்பெயர் என்பதையும் சேர்த்து, புலியோடு இருப்பவர் நம்மூர்க்காரர் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. இலங்கைக் காட்டில் புலி கிடையாது, சிறுத்தைதான். தோட்டத்து மக்கள் அதையே புலி என்பார்கள் என்பது வேறு. பெயரொலியை நம்பி இந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஏன் என்பதற்கு இரத்தினபுரியில் பெரிய காரணம் ஒன்று காத்திருக்கிறது.

கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாகக் கரவனெல்லைக்கு இறங்கும் வழியெங்கும் இறப்பர். எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் தேயிலையும் கலக்கும். லயத்துக்கு மேலே மாரியம்மன் கோயில், தோட்ட எல்லையில் மரத்தடியில் முனியாண்டி, மாடசாமி. இந்தச் சாமிகளில் பலருக்கு முகமே கிடையாது. நட்டுவைத்த கல், அதன் முன்னால் குத்திய சூலம் அல்லது அரிவாள். சூலம் ஒன்றா மூன்றா, அரிவாள் இருக்கிறதா, பக்கத்தில் மண்குதிரை நிற்கிறதா என்பதை வைத்துத்தான் சாமி யார் என்பது தெரியும். ஆலையின் சக்கரத்துக்குக் காவலாக வைத்த ரோதமுனி என்ற சாமி மலையகத்தில் உண்டு. கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கும்பிடும் கவ்வாத்துச்சாமியும் உண்டு. இந்தத் தெய்வங்களின் பெயரே, அவை எந்த வேலைக்குக் காவல் நிற்கின்றன என்பதிலிருந்து வந்தது. பீங்கான் சேகரிப்பவர் காசு கொடுத்துக் கற்பதை ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளை கோயில் படியிலேயே கற்றுவிடுகிறது: முகத்தை விடு, கையில் என்ன, காலடியில் என்ன, எங்கே நிற்கிறார் என்று பார்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும், அது நியாயமான மறுப்பும்கூட. சட்சுமாவின் பெரும்பகுதி பக்திக்காகச் செய்ததல்ல. யொக்கோஹாமா, ஒசாக்கா, கியோத்தோப் பட்டறைகளில் கப்பலேற்றுவதற்காகச் செய்தது. வாங்கும் வெள்ளைக்காரருக்கு ரகானும் தெரியாது, கன்னோன் என்ற போதிசத்துவரும் தெரியாது. தீட்டுபவனுக்குக் கூலி தலைக்கணக்கில் கிடைத்திருந்தால் தலைகளைக் கூட்டித்தானே தீட்டுவான்? முகங்களால் இடமே இல்லாமல் நிரப்பிய குடுவைகள் உண்மையாகவே உண்டு. அப்படிப்பட்ட பொருளில் யார் யார் என்று தேடுவது துணிக்கடைச் சேலையின் மாங்காய்க் கரையில் மாங்காயின் இனத்தைத் தேடுவது போல ஆகாதா?

ஓரளவு ஆகும், முழுக்க ஆகாது. அக்கறையற்ற ஓவியன் எதையும் புதிதாகக் கற்பனை செய்ய மாட்டான். முன்னால் இருக்கும் மாதிரியைப் பார்த்துத்தான் வரைவான். அந்த மாதிரி எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். 1690இல் ஜப்பானில் ‘புட்சுஸோ ஸுயி’ என்ற படத்தொகுப்பு அச்சாயிற்று. 1783இல் விரிந்த பதிப்பு வந்தது. பௌத்த உருவங்கள் நூற்றுக்கணக்கில், பெயரோடும் கையிலுள்ள பொருளோடும் அதில் இருந்தன. சீபோல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதை ஐரோப்பாவுக்கே கொண்டுபோனார். ஆக, தலைகளை நெருக்கித் தீட்டியவனுக்கும் நாகம் வரைந்தால் அது யாருடைய கிண்ணத்திலிருந்து வர வேண்டும் என்பது கையிலேயே இருந்தது. அவன் பக்தனாக இருக்கத் தேவையில்லை. நம் கடையில் முருகன் படம் அச்சடிப்பவர் மயிலை மறக்காததற்கும் பக்தி காரணமல்ல. மாதிரியில் மயில் இருக்கிறது. முகம் மட்டும் கூட்டமாகவும் பொருள் எதுவும் இல்லாமலும் இருக்கும் குடுவையில், இவர் இன்னார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ‘ரகான்கள்’ என்பதோடு நிறுத்துவதே நேர்மை.

தேயிலை நாட்டில் போதிதருமரைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ஜப்பானியர் தருமா என்று அழைக்கும் இவர் பிசென், குத்தானிப் பாண்டங்களில் செவ்வங்கி போர்த்து, இமையில்லாத உருட்டுவிழியோடு வருவார். சில வேளை நாணல் தண்டின்மேல் ஆற்றைக் கடப்பார், சில வேளை கையில் ஒற்றைச் செருப்பு. இமை ஏன் இல்லை? தியானத்தில் தூங்கிவிட்ட கோபத்தில் அவர் தன் இமைகளை அறுத்தெறிந்தார், விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்பது கதை. கெம்ஃபர் என்ற ஜெர்மானியர் 1712இல் வெளியிட்ட நூலில் ஐரோப்பியர் இதைப் படித்தார்கள். விடியலில் பெரட்டுக்குத் தூக்கக் கலக்கத்தோடு போய் நிற்கும் கொழுந்துக்காரிக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது, ஆனால் அவளுக்கு இதை யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் போதிதருமர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது, குறிப்பாக 2011இல் ‘ஏழாம் அறிவு’ வந்த பிறகு, ஐயத்துக்கு இடமில்லாத செய்தியாகிவிட்டது. சீனத்தின் மிகப் பழைய குறிப்பு, 547ஐ ஒட்டியது, அவரைப் பாரசீகர் என்கிறது. பின் வந்தவை தென்னிந்தியர் என்கின்றன. ஒரு பாண்டத்தில் இவரை அடையாளம் காண இந்தச் சண்டையில் நாம் எந்தப் பக்கம் என்பது தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். இமையும் செருப்பும் போதும். எந்த ஊரில் பிறந்தார் என்பது வேறு கேள்வி, இந்தப் பாண்டத்தில் இருப்பவர் யார் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் கலப்பதுதான் இத்துறையின் பெரிய நோய். நம்மவர்க்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

கரவனெல்லையிலிருந்து அவிசாவளைக்கு வந்தால் இராமாயணம் தொடங்கிவிடும். அது கொழும்பு மாவட்டத்து ஊர். ஆனால் சப்ரகமுவவின் இரண்டு மாவட்டங்களுக்கும் வாசல். சீதாவாக்கை என்ற பெயரே சீதையின் கதையை இழுத்துக்கொண்டு நிற்கிறது. இராவணனுக்கு முன்னால் இலங்கையை ஆண்டவன் அவன் அண்ணன் குபேரன். விச்ரவசின் மகன் என்பதால் வைச்ரவணன். அந்த வைச்ரவணன்தான் ஜப்பானில் பிஷாமொன். நம் குபேரனுக்குத் தொந்தியும் பொற்குடமும். பிஷாமொனுக்கு உடல் முழுக்கக் கவசம், ஒரு கையில் ஈட்டி அல்லது திரிசூலம், மறு உள்ளங்கையில் சின்னஞ்சிறு தூபி. ஏழு அதிர்ஷ்டத் தெய்வங்களில் இவர் ஒருவர். குத்தானிப் பாண்டங்களில் அடிக்கடி வருவார்.

பொருளைப் பார் என்ற என் விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் இங்கேதான் குப்புற விழுவோம். கையில் வேல், உடம்பில் போர்க்கோலம்: தோட்டத்துக் கண் முருகா என்று கும்பிட்டுவிடும். ஆனால் முருகன், அதாவது ஸ்கந்தன், ஜப்பானில் வேறொருவர். இதாத்தென் என்ற அவரும் கவசம் அணிந்தவர்தான். வேல் இல்லை, கூப்பிய கைகளின்மேல் குறுக்காக ஒரு வாள். மடங்களுக்கும், குறிப்பாக மடப்பள்ளிக்கும் காவல், ஓட்டத்தில் வல்லவர். உலகைச் சுற்றும் போட்டியில் மயிலேறிப் பறந்தவரின் வேகம் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லத் தோன்றும், நிறுவ முடியாது. சரி, விதி பொய்யா? இல்லை, விதி பாதியாகச் சொல்லப்பட்டது. ஒரு பொருளை மட்டும் பார்க்கக் கூடாது. பொருள்களின் சேர்க்கையைப் பார்க்க வேண்டும், அந்தச் சேர்க்கைக்கு அந்த ஊரில் என்ன பொருள் என்று கேட்க வேண்டும். ஈட்டியோடு தூபி சேர்ந்தால் பிஷாமொன். சிறகுகள் போல விரிந்த மேலாடையோடு குறுக்கே வாள் கிடந்தால் இதாத்தென்.

இங்கே இரண்டாவது மறுப்பு வரும். இவர்கள் எல்லாரும் நம் தெய்வங்கள்தானே? பென்சைத்தென் சரஸ்வதி, தைகோகு மகாகாளன், பிஷாமொன் குபேரன். நேராக நம் பெயரிலேயே அழைத்தால் என்ன? பூர்வீகத்தில் பிழையில்லை. பென்சைத்தென் சரஸ்வதியே, வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்புக்கருவி. ஆனால் பிவா ஏந்திய பெண்களெல்லாம் அவரல்ல. வானில் மிதப்பவள் வெறும் தேவமகளாக இருக்கலாம். குதிரைமேல் பிவாவோடு போகிறவள் அரசனைப் பிரிந்து பாலைக்குப் போன சீனத்துப் பேரழகி. பக்கத்தில் வெண்பாம்பு இருந்தால்தான் பென்சைத்தென் என்று துணியலாம். தைகோகுவின் கதை இன்னும் சுவையானது. 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி யீஜிங், இங்குள்ள பௌத்த மடங்களின் சமையற்கட்டுப் பக்கத்தில் மகாகாளனின் மரச்சிலை இருந்ததாகவும், ஓயாமல் எண்ணெய் பூசிப் பூசி அது கறுத்திருந்ததாகவும் எழுதினார். எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்த முனியாண்டிக் கல்லைப் பார்த்தவர்க்கு இந்த வரி ஏட்டுச் செய்தியாகப் படாது. அந்தச் சமையற்கட்டுக் காளன் ஜப்பான் மடங்களின் அடுப்படிக்குப் போனான். அங்கே சிரிக்கத் தொடங்கினான். பாண்டங்களில் தைகோகு இரண்டு நெல்மூட்டையின்மேல் நிற்பார், கையில் அதிர்ஷ்டச் சுத்தியல், தோளில் பை, காலடியில் எலி. மண்டையோட்டு மாலைக்காரரின் சாயல் ஒரு துளியும் இல்லை. இவர் சிவன் என்று ஒரு ஜப்பானிய உழவரிடம் சொன்னால் அவர் பாவம் என்ன செய்வார்?

மாற்றம் எப்படி நடந்தது என்பதில்தான் முக்கியமான எச்சரிக்கை இருக்கிறது. தைகோகு என்றால் ‘பெருங்கருப்பர்’. ஜப்பானின் சொந்தத் தெய்வம் ஒகுனிநுஷி. அவர் பெயரின் முதல் இரு எழுத்துகளையும் தைகோகு என்றே படிக்கலாம், ஆனால் பொருள் ‘பெருநாடு’. ஒலி ஒன்றானதால் இரண்டு தெய்வங்கள் ஒருவராகிவிட்டார்கள். மகாகாளனுக்குப் பையும் சிரிப்பும் வந்ததில் இந்த ஒலிமயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பெயரொலி தெய்வங்களை ஒட்டவைக்கும். ஆனால் அவை தொடக்கத்தில் ஒன்றாக இருந்தன என்பதற்கு அது சான்றாகாது.

எஹலியகொடை, குருவிட்ட கடந்து இரத்தினபுரி. நகருக்குச் சற்று வெளியே மகா சமன் தேவாலயம். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய கோயிலை இடித்து அந்த இடத்தில் தங்கள் தேவாலயத்தைக் கட்டினார்கள். அவர்கள் போன பிறகு சமன் திரும்பி வந்தார். வளாகத்தில் பத்தினித் தெய்வத்துக்கும் இடமுண்டு. சிலம்பைக் கண்டதும் தமிழர் கண்ணகி என்பார்கள், அது சரிதான். ஆனால் சிங்களக் கதையில் அவள் மாங்கனியிலிருந்து பிறந்தவள், பின்னொரு காலத்தில் புத்தராகப் போகிறவள். பூர்வீகத்தில் கண்ணகி, இந்த வாசலில் பத்தினி. இரண்டும் உண்மையாக இருக்கலாம், ஒன்று மற்றதை அழிக்கத் தேவையில்லை.

சமன்தான் சிக்கல். சப்ரகமுவவின் காவல் தெய்வம், சிவனொளிபாதமலையின் உரிமையாளர். மகாவம்சத்தில் சுமனகூட மலையின் தேவன் சுமணன். புத்தர் மகியங்கனைக்கு வந்தபோது அவரிடம் கேசதாது பெற்றவன். உருவம் எளிது: அரசகோலம், கையில் தாமரை, அருகே வெள்ளை யானை, பின்னால் மலை. அடையாளம் எளிதல்ல. பேராசிரியர் பரணவிதான 1958இல் சமன் உண்மையில் யமன் என்று வாதிட்டார். இராமாயண ஈடுபாடுடையோர் இலக்குமணன் என்பார்கள். மகாயான ஆர்வலர்கள் சமன் என்பது சமந்தபத்திரர் என்ற போதிசத்துவரே என்பார்கள். சமன், சமந்த, பெயர் ஒக்கிறது. சமந்தபத்திரருக்கும் வெள்ளை யானை. அந்தச் சமந்தபத்திரர்தான் ஜப்பானியப் பாண்டங்களில் யானையேறி வரும் ஃபுகென். ஆக, குடுவையில் ஃபுகெனைக் கண்டு ‘இது நம்ம சமன் தெய்யோ’ என்று ஒரு இரத்தினபுரிக்காரர் சொன்னால் அவர் பக்கம் படித்தவர்களும் இருக்கிறார்கள்.

இருந்தும் நான் ஒப்பவில்லை. பெயரொலியின் கதி என்ன என்பதைத் தைகோகுவிடம் பார்த்துவிட்டோம். மிஞ்சுவது யானை ஒன்று. ஜப்பானியக் கலையில் வெள்ளை யானைமேல் மூவர் வருகிறார்கள். ஃபுகென் முதலாமவர்: போதிசத்துவக் கோலம், மகுடம், கூப்பிய கை அல்லது ஏட்டுச் சுருள், யானைக்கு ஆறு தந்தம், பல படங்களில் பாதத்தடியில் தாமரை. இரண்டாமவர் தைஷாகு, நம் இந்திரன்; கையில் வச்சிரம், ஒரு காலைத் தொங்கவிட்டு அமர்வார்; கியோத்தோவின் தோஜிக் கோயிலில் 9ஆம் நூற்றாண்டுச் சிலையாகவே இருக்கிறார். மூன்றாவது வருபவள் தெய்வமே இல்லை, எகுச்சித் துறையின் ஒரு தாசி. சைக்யோ என்ற கவித்துறவியோடு பேசிய அவள் கடைசியில் ஃபுகெனாக மாறி யானையேறிப் போனாள் என்பது நோ நாடகக் கதை. ஆகவே கிமோனோ உடுத்த, கொண்டையில் சீப்புச் செருகிய பெண் யானைமேல் இருந்தால் அவள் எகுச்சி. ஒரே யானை, மூன்று சவாரி. யானையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தாசியையும் தேவேந்திரனையும் ஒரே ஆளாக்கிவிடுவோம். சமனிடம் ஏட்டுச்சுருள் இல்லை, ஆறு தந்தம் இல்லை, போதிசத்துவ மகுடம் இல்லை. ஃபுகெனிடம் மலை இல்லை, பாதச்சுவடு இல்லை. இருவருக்கும் தொலைவில் உறவு இருந்திருக்கலாம். உறவு இருப்பதால் ஒருவர் பெயரை மற்றவருக்குப் போட்டால் அது ஆள்மாறாட்டம்.

யானையின் தோற்றத்தைப் பற்றி ஒரு சொல். இலங்கையருக்கு ஜப்பானிய யானை சிரிப்பாகப் படும்: மனிதக் கண், தளர்ந்த தோல், எங்கோ தொங்கும் காது. அந்நாட்டில் யானை கிடையாது. 1728இல் வியட்நாமிலிருந்து நாகசாக்கிக்கு வந்து, மறு ஆண்டு எதோ நகருக்கு நடந்தே போன யானையைப் பார்க்க ஊரே வீதியில் நின்றது. பெரும்பாலான ஓவியர் படத்தைப் பார்த்துப் படம் வரைந்தவர்கள். இது குறையல்ல, நமக்கு உதவிதான்: யானையை நேரில் பார்க்காதவன் ஆறு தந்தம் வரைந்தால் அது ஏட்டிலிருந்து வந்தது என்பது உறுதி. யானையை நன்கறிந்த இலங்கையில், ஆண் யானைகளிலும் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமே இல்லை.

கடைசி மறுப்பு மலையிலிருந்து வரும். 2,243 மீற்றர் உயர உச்சியில் ஒரே பள்ளம் பௌத்தர்க்குப் புத்தர் பாதம், சைவர்க்குச் சிவன் பாதம், இசுலாமியர்க்கு ஆதம் பாதம், கிறித்தவரில் சிலர்க்குத் தோமையர் பாதம். பலாபத்தலை வழியாக ஏறும் கூட்டத்தில் யாரும் யாரையும் நிறுத்தி ‘உன் அடையாளம் தவறு’ என்று கேட்பதில்லை. அந்தப் பெருந்தன்மையை ஒரு சாடிக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும், பார்ப்பவர் விரும்பும் பெயரில் அழைக்கட்டுமே என்பது வாதம். மலைக்கும் சாடிக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. பாறையின் பள்ளத்தை யாரும் ஒரு பெயரை மனத்தில் வைத்துச் செதுக்கிக் கொடுக்கவில்லை. பெயர் முழுக்க ஏறிப் போகிறவருடையது. சாடியை ஒருவன் செய்தான், மாதிரி பார்த்துச் செய்தான், அந்த மாதிரிக்குப் பக்கத்தில் பெயரும் எழுதியிருந்தது. கும்பிடுவதற்கு எந்தப் பெயரும் போதும். செய்தவன் யாரைச் செய்தான் என்று சொல்வதற்கு ஒரு பெயர்தான் உண்டு.

இது வெறும் சேகரிப்பாளர் விளையாட்டு அல்ல என்பதற்கு இலங்கையே சாட்சி. 2014இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பயணி ஒருவர் கைதாகி நாடுகடத்தப்பட்டார். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. புத்தர் உருவம் எங்கே எப்படி இருக்கலாம் என்பது இங்கே வழக்குவரை போகும் கேள்வி. அதே நாட்டில் கடைக் கல்லாப்பெட்டிப் பக்கத்தில் தொந்தியைக் காட்டிச் சிரிக்கும் பீங்கான் பொம்மையைச் ‘சிரிக்கும் புத்தர்’ என்று விற்கிறார்கள், தொந்தியைத் தடவிக் காசெண்ணுகிறார்கள். அது கௌதம புத்தர் அல்ல. பை சுமந்து ஊர் சுற்றிய புதாய் என்ற சீனத் துறவி, ஜப்பானில் ஹோத்தெய், மைத்திரேயரின் அவதாரம் என்று நம்பப்பட்டவர். பையைப் பாருங்கள், தெரிந்துவிடும். தடவி நோய் தீர்க்கும் பழக்கம் ஜப்பானில் உண்டு. ஆனால் அங்கே கோயில் வாசலில் தடவப்படுபவர் பதினாறு ரகான்களில் முதல்வரான பின்சுரு, பிந்தோல பாரத்வாஜர்.

ஆண்டுதோறும் மார்கழியை ஒட்டிய உந்துவப் போயாவில் தொடங்கும் மலைப் பருவம் வெசாக்கில் முடியும். முடிந்ததும் உச்சியிலிருந்து சமன் சிலை இறங்கிவந்து, இரத்தினபுரிக்குக் கிழக்கே பெல்மதுளையின் கல்பொத்தாவல விகாரையில் அடுத்த பருவம்வரை தங்கும். பலாங்கொடைக்கும் இறக்குவானைக்கும் போகும் தோட்டத்து பஸ்கள் பெல்மதுளைச் சந்தியைத் தொட்டுத்தான் போகின்றன. இறங்கிப் பார்க்கிறவர்கள் சமன் உருவங்களில் யானையின் தந்தங்களை எண்ணிப் பாருங்கள். வழக்கமாக இரண்டு.